விரல் அறியும் மிளகு

எங்கள் டாண்டி நாயைப் பார்க்க வீட்டுக்கு வருகிறவர்கள் கொண்டையில்தான் போய் நிற்கிறார்கள். தலைக்கு மேல் வெள்ளியாக எழுந்து நிற்கும் அந்தப் பட்டுமுடியையும், அதற்குக் கீழே முகம் நிறைய இருக்கும் கரும்பழுப்புக் கண்களையும் பார்த்துக் குனிந்து கொஞ்சுகிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள். எடுக்கட்டும். ஆனால் டாண்டி டின்மாண்ட் டெரியரின் அழகு தலையோடு முடிந்துவிட்டது என்ற நினைப்போடு அவர்கள் கிளம்பும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை. ஒருவராவது முதுகில் கை வைத்துப் பார்த்தாரா? தோளுக்குப் பின்னால் தாழ்ந்து, இடுப்பில் மேடேறி, வால் அடியில் மறுபடி இறங்கும் அந்த முதுகின் முடிக்குள் ஒரே ஒரு தடவை விரல் விட்டிருந்தால் கொண்டை இரண்டாம் பட்சமாகியிருக்கும்.

இரண்டு பங்கு கடினமுடி, ஒரு பங்கு மென்முடி. பழைய ஆட்கள் சொல்லும் கணக்கு இது. கடினம் என்றால் கம்பி கிடையாது. ஏர்டேலிலும் வயர் ஃபாக்ஸ் டெரியரிலும் பாராட்டப்படும் கம்பிமுடி டாண்டியின் மேல் வந்தால் அது குறை. இனத்தின் தர விதியே அப்படித்தான் சொல்கிறது. பூடுலின் சுருளும் கூடாது, ஸ்கை டெரியரின் தொங்கலும் கூடாது. கஞ்சி போட்டு வெயிலில் உலர்த்திய பருத்திப் புடவையை மடிப்புக் கலைத்துத் தொடும்போது விரலுக்கு ஒரு விறைப்பும் அதற்குள்ளேயே ஓர் இளக்கமும் சேர்ந்து கிடைக்குமே, டாண்டியின் முதுகு அதுதான். வேறெந்த டெரியரிலும் இது எனக்குக் கிடைத்ததில்லை. சீலிஹாம் வளர்க்கிற நண்பர் ஒருவர் தன் நாயிலும் உண்டு என்பார். சீலிஹாமின் மூதாதைகளில் டாண்டி ரத்தம் கலந்திருப்பதாகச் சொல்லப்படுவதால் அவர் வாதத்தை முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். தொட்டுப் பார்த்தவன் என்ற முறையில் ஒப்புக்கொள்ளவும் மாட்டேன்.

கண்ணுக்கும் இதே முடிதான் விருந்து வைக்கிறது. வெளிறிய அடிமுடியின் ஊடாகக் கருத்த கடினமுடி நுனி நீட்டிக்கொண்டு வரும்போது முதுகெங்கும் மெல்லிய கோடுகள் விழுகின்றன. டாண்டிக்காரர்கள் இதைப் பென்சிலிங் என்கிறார்கள். முதுகின் நடுவில் பட்டையாகக் கருநிழல் விழுவது வேறு. அது பென்சிலிங் ஆகாது. ஒரே நிறம் என்று தூரத்திலிருந்து தெரிவது பக்கத்தில் வந்தால் இரண்டு, மூன்று நிறங்களாகப் பிரிய வேண்டும். நாய் நடக்கும்போது முடி அசைந்து, சாம்பலுக்குள்ளிருந்து நீலம் எட்டிப் பார்த்து மறைய வேண்டும். ஸ்காட்லாந்தின் மேகமூட்டத்தில், வெயில் சாய்வாக வந்து ஒரு நிமிடம் விழுந்துவிட்டுப் போகும் வேளையில் நல்ல பென்சிலிங் உள்ள மிளகு நிற டாண்டி ஒன்றைப் புல்வெளியில் பார்த்துவிட்டால் பிறகு மற்ற நாய்களின் நிறமெல்லாம் தட்டையாகத்தான் தெரிகிறது.

மிளகு நிறம் என்று சொல்லிவிட்டேன், கடுகுக்காரர்கள் கோபப்படுவார்கள். கடுகு நிறத்தை நான் பழிக்கவில்லை. செம்பழுப்பிலிருந்து வெளிறிய மஞ்சள் வரை போகும் அந்த உடலின் மேல் பால்வெண்மைக் கொண்டை உட்காரும்போது நாய் வீட்டுக்குள் ஒரு வெளிச்சத்தைக் கொண்டுவருகிறது என்பது உண்மைதான். குழந்தைகள் கடுகைத்தான் முதலில் தேடிப் போகிறார்கள். ஆனால் பென்சிலிங் மிளகில் தெரிகிற அளவுக்குக் கடுகில் தெரிவதில்லை. மேல்முடிக்கும் அடிமுடிக்கும் இடையே நிறத் தொலைவு குறைவு. ஆகவே கடுகில் முடி கெட்டுப்போனாலும் சட்டென்று கண்ணில் படாது. மிளகில் உடனே காட்டிக்கொடுத்துவிடும். எனக்குப் பிடித்தது அந்தக் கண்டிப்பு. தர விதி மிளகுக்குக் கரு நீலத்திலிருந்து வெள்ளிச் சாம்பல் வரை இடம் தருகிறது. இடைப்பட்ட நிறங்களையே விரும்புகிறது. உடலின் சாம்பல் தோளிலும் தொடையிலும் இறங்கிவந்து, கோடு போட்டு நிற்காமல், கால்களின் தேன் பழுப்பில் கரைய வேண்டும். அந்தக் கரையும் இடத்தை, முழங்கைக்குச் சற்று மேலே, நான் எந்த டாண்டியைப் பார்த்தாலும் முதலில் தேடுவேன்.

இந்த நிறம் பிறவியிலேயே கைக்கு வருவதில்லை என்பதும் என் மோகத்துக்கு ஒரு காரணம். மிளகுக் குட்டி கருப்பாக, கால்களிலும் முகத்திலும் பழுப்புத் திட்டுகளோடு, வழுவழுவென்று பிறக்கிறது. கடுகுக் குட்டி அடர்பழுப்பு. கொண்டை என்று ஒன்று அப்போது கிடையாது. முதல்முறை ஈற்றைப் பார்க்கப் போகிறவர்கள் இவை வேறு ஏதோ நாயின் குட்டிகள் என்று சந்தேகப்படுவதுண்டு. மாதங்கள் போகப்போகக் கருப்புக்குள் சாம்பல் ஏறும், தலையில் வெண்மை தட்டும். கடினமுடி வரப்போகிறதா, மென்முடி மூடிவிடப் போகிறதா என்பதை அந்த வயதில் அனுபவசாலியின் விரல்தான் சொல்லும், கண் சொல்லாது.

வால்டர் ஸ்காட்டின் கதையை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். 1815இல் வந்த 'கை மானரிங்' நாவலில் டாண்டி டின்மாண்ட் என்ற மலையோர விவசாயி வருகிறார்; வீட்டு நாய்களுக்கெல்லாம் மிளகு, கடுகு என்றே பெயர் வைத்து, பெரியது சின்னது என்று அடைமொழியால் பிரிக்கிறார்; நாவல் பிரபலமாகிறது, பாத்திரத்தின் பெயர் நாய்க்கு ஒட்டிக்கொள்கிறது. நாவலை எழுதும்போது ஸ்காட்டுக்கு நேர்ப் பழக்கமில்லாத, ஆனால் நாய்களுக்கு அப்படியே பெயர் வைக்கிற ஜேம்ஸ் டேவிட்சன் என்ற ஹிண்ட்லீ விவசாயியை, சுற்றியிருந்தவர்கள் டாண்டி டின்மாண்ட் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். ஸ்காட்டும் தன் டெரியர்களுக்கு இஞ்சி, மிளகு, கடுகு என்று சமையற்கட்டுப் பெயர்களையே வைத்தார். இதையெல்லாம் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. என்னை இழுப்பது டேவிட்சன் 1800ஆம் ஆண்டைக் குறித்து விட்டுப்போன சிறு குறிப்பு. டக்கின், டார், பெப்பர் என்று மூன்று நாய்கள். யாரிடமிருந்து வந்தது என்பதைத் தவிர அந்த மனிதர் எழுதிவைத்தது பெரும்பாலும் நிறத்தையும் முடியையும்தான்: ஒன்று செம்மை, கம்பிமுடி, இன்னொன்றும் அப்படியே, மூன்றாவது, பான்ஜெட்வர்டின் டாக்டர் பிரவுனிடமிருந்து வந்த பெப்பர், சடைமுடி, வெளிர் நிறம். உயரம் இல்லை, எடை இல்லை, கொண்டை பற்றி ஒரு சொல் இல்லை. கம்பியும் சடையும் சேர்ந்தால் என்ன வரும்? நான் மேலே சொன்ன இரண்டு பங்கு, ஒரு பங்குக் கணக்கு இந்தக் குறிப்பிலேயே தொடங்கிவிட்டது என்று படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுகிறது.

முடி அந்த மனிதருக்கு அலங்காரம் கிடையாது. இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவே உள்ள செவியட் மலைப் பகுதியில் மழை நேராகப் பெய்வதில்லை, பக்கவாட்டில் அடிக்கும். நீர்நாயைத் துரத்தி ஆற்றில் இறங்கவும் வேண்டும், வளைக்கரடியைத் தேடி மண்ணுக்குள் போகவும் வேண்டும். கடினமுடி நீரையும் முள்ளையும் வெளியே நிறுத்தும். மென்முடி உடம்புச் சூட்டை உள்ளே பிடித்துவைக்கும். வெறும் கம்பிமுடி நாய்க்குக் குளிர் தாங்காது. வெறும் மென்முடி நாய் ஈரத்தைக் குடித்துக்கொண்டு கனத்துப்போகும். குட்டிகளை முதலில் எலியில் பழக்கி, பிறகு மரநாய் வகையில் பழக்கி, கடைசியில்தான் நரியிடமும் வளைக்கரடியிடமும் விடுகிற வழக்கத்தை ஸ்காட் நாவலில் சேர்த்திருக்கிறார். வேட்டை டேவிட்சனை விடவேயில்லை. 1820இல் சாகக் கிடந்தபோது எதிர் மலைச்சரிவில் வேட்டைநாய்களின் சத்தம் கேட்டு, படுக்கையிலிருந்து இறங்கிச் சன்னலுக்கு வந்து பார்த்தார் என்று ஸ்காட் எழுதிவைத்திருக்கிறார்.

டேவிட்சனுக்கு முன்பே இந்த நாய்களின்மேல் பித்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். நார்தம்பர்லாந்தில் ஊர் ஊராகச் சுற்றிய பைப்பர் ஆலன், தன் நாய் ஹிட்செமுக்கு ஈடாகப் பிரபு ஒருவர் சிறு பண்ணையே தருவதாகச் சொல்லியும் கொடுக்கவில்லை என்று சொல்லிவருகிறார்கள். கெயின்ஸ்பரோ 1770இல் தீட்டிய, பக்ளூவின் 3ஆம் டியூக் தன் நாயை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருக்கும் ஓவியம் எனக்குப் புனிதப் பொருள். டியூக்கின் முகத்தைக் கெயின்ஸ்பரோ நன்றாகவே வரைந்திருக்கிறார். ஆனால் நான் பார்ப்பது அந்தக் கைகளுக்குள் அடங்கியிருக்கிற நாயின் முடியை. சீப்பு பட்ட முடி அது இல்லை. வெளியே போய் நனைந்து, தானாகக் காய்ந்த முடி.

பெட்லிங்டன் டெரியர்காரர்களோடு எனக்குள்ள சண்டையும் இந்த எல்லை மலைப் பகுதியைச் சேர்ந்ததுதான். இரண்டு இனங்களும் ஒரே மலையடிவாரத்துக் குடிகள், ஒரே மூதாதைகள். இரண்டுக்கும் கொண்டை உண்டு. பெட்லிங்டன்காரர்கள் கத்தரியைக் கையில் எடுத்தார்கள். மேதைகள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆட்டுக்குட்டி வடிவத்தைக் கத்தரியாலேயே செதுக்கி எடுக்கிறார்கள். அந்த வேலைத்திறனுக்கு என் வணக்கம். ஆனால் கத்தரி வெட்டுகிறவனின் திறமையைக் காட்டும். பறிக்கிற விரல் நாயின் முடியைக் காட்டும். நான் இரண்டாவது கட்சி.

பறிப்பதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இங்கே பிரிட்டனில் அதை ஸ்ட்ரிப்பிங் என்பார்கள். கத்தி உண்டு, நுரைக்கல் உண்டு, வழுக்காமல் இருக்க விரலுக்கு ரப்பர் உறையும் சுண்ணப்பொடியும் உண்டு. நான் கற்றுக்கொண்ட அம்மையார் இவற்றில் எதையும் தொடமாட்டார். ஸ்காட்லாந்தின் ஜெட்பரோ ஊருக்கு அந்தப்பக்கம், மலைச்சாலை ஏறத் தொடங்கும் இடத்தில் இருந்தது அவர் வீடு. சமையலறை மேசையில் பழைய கம்பளத்தை விரித்து நாயை நிறுத்துவார். இடக்கையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொள்வார். வலக்கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முடியின் நுனிக்குப் பக்கத்தில் சில இழைகளை மட்டும் பிடிக்கும். முடி வளர்ந்த திசையிலேயே ஓர் இழுப்பு. வேர் தளர்ந்து விழக் காத்திருக்கும் முடி கையோடு வந்துவிடும். உயிரோடு இருக்கிற முடி வராது, அதை விட்டுவிட வேண்டும். நாய்க்கு வலிப்பதில்லை. நின்றபடியே தூங்கிப்போகிற நாய்களை அந்த மேசையில் பார்த்திருக்கிறேன். பேசிக்கொண்டே இருப்பார், கண் சன்னலுக்கு வெளியே இருக்கும், விரல் தானாக நடந்துகொண்டிருக்கும். நடுவில் நின்று ஓர் இடத்தை மறுபடி தடவுவார். அங்கே மென்முடி கூடிவிட்டது என்று அர்த்தம்.

ஒரேயடியாக எல்லாவற்றையும் பறித்து நாயை மொட்டையாக்கிவிட்டுப் புதுமுடிக்குக் காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். கண்காட்சித் தேதியைக் குறிவைத்து அப்படிச் செய்வார்கள். அம்மையார் அதை ஏற்கமாட்டார். வாரந்தோறும் கொஞ்சம், எது நீண்டு தனித்து நிற்கிறதோ அது மட்டும். அப்படிச் செய்துவந்தால் முதுகில் எப்போதும் முளைக்கிற முடி, வளர்கிற முடி, முதிர்ந்த முடி என்று மூன்று தலைமுறை ஒரே சமயத்தில் இருக்கும். பென்சிலிங் ஒருநாளும் காணாமல்போகாது. வருடம் முழுக்க நாய் நாயாகவே இருக்கும்.

எந்திரம் வைத்தால் என்ன ஆகிறது? கிளிப்பர் மேல்முடியின் நிறமுள்ள நுனியை வெட்டி எறிந்துவிட்டு, செத்த அடியைத் தோலுக்குள்ளேயே விட்டுவைக்கிறது. புதுக் கடினமுடி முளைக்க வழியில்லாமல்போகிறது. மென்முடிக்குத் தடையே இல்லை. அது பெருகி மேலே வருகிறது. சில தடவை இப்படிச் செய்தால் நிறம் வெளுத்துச் சாயம்போன சாம்பலாகிவிடும், முடி சிக்குப் பிடிக்கும், மழையில் நனைந்தால் காய அரைநாள் ஆகும். எங்கள் தெருவில் ஒரு வீட்டார் ஆசையாக வாங்கிவந்த மிளகு டாண்டியை நகரத்து அலங்காரக் கடை ஒன்று இப்படித்தான் ஆக்கிவைத்தது. கையால் பறிக்க வேண்டும் என்று அவர்கள் எழுதிக்கொடுத்திருந்தும், நேரமில்லை என்று கிளிப்பரை ஓட்டிவிட்டார்கள். அந்த நாயைப் பார்க்கும்போதெல்லாம் முதுகில் கை வைப்பேன். பஞ்சுதான் கைக்கு வருகிறது. வயதோ நோயோ காரணமாகப் பறிக்க முடியாத நாய்களுக்குக் கிளிப்பர் கருணை. கருத்தடை செய்த சில நாய்களின் முடியும் பறிக்க ஒத்துழைக்காமல் மென்மையாகிவிடுவதுண்டு. அதை யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். திடமான மூன்று வயது நாய்க்குச் சோம்பலால் செய்வதைத்தான் சகிக்க முடியவில்லை.

கண்காட்சிகளில் வேறு விதமாகக் கெடுக்கிறார்கள். பர்மிங்ஹாமில் கிரஃப்ட்ஸ் கண்காட்சி நடக்கும் நாட்களில் டாண்டி வளையத்தின் பக்கம் நிற்பது எனக்குப் பண்டிகை. இருந்தாலும் கொண்டைகள் வருடத்துக்கு வருடம் பெருத்துவருகின்றன. உலர்த்தியில் ஊதி, தூரிகையால் எழுப்பி, கண்கள் எங்கோ ஆழத்தில் போய்விடுகிற அளவுக்கு. கால்முடியும் தூண்களாகத் திரண்டு, நாய் நடக்கும்போது முன்கால் எப்படி விழுகிறது என்றே தெரிவதில்லை. கொண்டை பெரிதாக வேண்டுமென்றால் மென்முடி அதிகமுள்ள நாயை வைத்துத்தான் இனப்பெருக்கம் செய்ய வேண்டியிருக்கும். தலையில் கேட்ட மென்மை முதுகிலும் வந்து சேர்ந்துவிடுகிறது. பழைய புகைப்படங்களில் இருக்கும் நாய்களுக்குக் கொண்டை சின்னது. சிலவற்றுக்குக் கலைந்தே கிடக்கிறது. முதுகைப் பார்த்தால் கறுப்பு வெள்ளைப் படத்திலேயே பென்சிலிங் தெரிகிறது. மேசையில் ஏற்றி நிறுத்திய நாயின் பல்லையும் தாடையையும் அத்தனை கவனமாகப் பார்க்கிற நடுவர், முதுகுமுடியைப் பிரித்து அடிவரை பார்க்காமல் மேலோடு வருடிவிட்டு நகர்கிறபோது எனக்கு எழுந்து போய்ச் சொல்லத் தோன்றும். பார்க்கிற நடுவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வளையத்துக்குள் வரும் வருடங்களில் முடிவு வேறாக இருக்கிறது.

வீட்டுக்கு வருகிறேன். எங்கள் நாயின் பெயர் மிளகு. டேவிட்சன் வைத்த வழியிலிருந்து விலக மனமில்லை. குடும்பத்துக்கு டாண்டி ஏற்றதா என்று கேட்கிறவர்களுக்கு நான் குணத்தைப் பற்றி நீளமாகச் சொல்வதில்லை. குரலை மட்டும் சொல்வேன். பத்து கிலோ தேறாத, முழங்கால் உயரம்கூட இல்லாத நாய்க்குள்ளிருந்து அவ்வளவு ஆழமான குரைப்பு வரும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. கதவுக்கு வெளியே நிற்கிற தபால்காரர் இன்னும் பெரிய நாயைத் தேடுகிறார். மற்ற டெரியர்கள்போல் நாள் முழுக்கக் கத்துவதில்லை. குழந்தைகளிடம் மரியாதையாக இருப்பான், அவர்கள் மரியாதையாக இருக்கும்வரை. கூப்பிட்டால் வருவான், யோசித்துவிட்டு. மகளின் தோழி வெள்ளெலியைக் கொண்டுவந்த அன்று மட்டும் இருநூறு வருட வேட்டை ரத்தம் ஒரு நொடியில் விழித்துக்கொண்டது. வெள்ளெலி கூண்டுக்குள் இருந்ததால் தப்பித்தது.

நீண்ட முதுகுக்காகச் சில ஒழுங்குகள் வேண்டும். சோபாவிலிருந்து குதிக்க விடக் கூடாது. தூக்கும்போது முன்னும் பின்னுமாக இரண்டு கை வேண்டும். எடை கூட விடவே கூடாது. முதுகெலும்பின் வட்டு நழுவினால் அந்த வேதனை கொடியது. டேஷண்ட் வளர்த்தவர்களுக்கு இது தெரிந்ததுதான்.

ஒரு கோடையில் கும்பகோணத்திலிருந்து வந்து தங்கியிருந்த அம்மா அதுவரை நாயைத் தொட்டதில்லை. முதல் வாரம் புடவையை ஒதுக்கிக்கொண்டு நடந்தார். நான் ஞாயிற்றுக்கிழமை மிளகை மேசையில் நிறுத்திப் பறிப்பதை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவர், "நகரு, நீ ரொம்ப இழுக்கிறே" என்று வந்து நின்றார். வாழ்நாளெல்லாம் முருங்கைக்கீரை ஆய்ந்த விரல். முற்றியது எது, இளசு எது என்று அந்த விரலுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. "வராததை விட்டுடணும்டா. வர்றது தானா வரும்" என்றார். ஜெட்பரோ அம்மையார் எனக்குப் பல வாரங்கள் பாடமெடுத்த விஷயம் அது. அந்தக் கோடை முடிவில் மிளகின் முதுகு இருந்த நிலையை நான் படமெடுத்து வைத்திருக்கிறேன். அதற்கு முன்போ பின்போ அவ்வளவு தெளிவான பென்சிலிங் அவனுக்கு வந்ததில்லை. மகள் பக்கத்தில் நின்று பாட்டியின் கையைப் பார்த்துப் பழகினாள். இப்போது தோள்பகுதி முழுக்க அவள் பொறுப்பு.

பிரிட்டனில் ஆண்டுக்கு 300 குட்டிகளுக்குக் குறைவாகப் பதிவாகும் சொந்த நாட்டு இனங்களைக் கென்னல் கிளப் அருகிவருபவை என்று பட்டியலிடுகிறது. டாண்டி அதில் இருக்கிறது. 1875இல் செல்கர்க் ஊரின் ஃப்ளீஸ் ஹோட்டலில் கூடிச் சங்கம் தொடங்கினவர்கள், உலகின் மிகப் பழைய இனச் சங்கங்களில் ஒன்றை நிறுவினவர்கள், இப்படி ஒரு பட்டியலை நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். இன்றுள்ள டாண்டிகள் அனைத்தும் 1842 ஜூன் 4 அன்று பிறந்த ஓல்டு ஜிஞ்சரின் வழியில் வந்தவை. அந்த நாயின் தந்தை ஓல்டு பெப்பர், 1839இல் பௌஹில் எஸ்டேட்டில் பொறியில் சிக்கிக் கிடைத்தது. யாருடையது, எங்கிருந்து வந்தது என்று தெரியாது. செல்கர்க்கின் ஹேனிங் தோட்டத்தில் ஜிஞ்சருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். நான் போய்ப் பார்த்தேன். உலோகத்தில் முடியைக் காட்டுவது எவ்வளவு கடினம் என்பதை அங்கே நின்று யோசித்தேன்.

2018இல் பிரிட்டனில் அதிகம் பதிவான இனம் ஃபிரெஞ்சு புல்டாக். அத்தனை காலம் முன்னணியில் இருந்த லாப்ரடாரையே பின்னுக்குத் தள்ளியது. சீவ வேண்டாம், பறிக்க வேண்டாம். முடி உதிராது என்ற வாக்குறுதியோடு காக்கபூ என்ற கலப்பின நாய்கள் வீட்டுக்கு வீடு வருகின்றன. அவற்றை விரும்புகிறவர்களிடம் எனக்கு மனஸ்தாபம் இல்லை. நல்ல நாய்கள், அன்பான வீடுகள். டாண்டி அருகிப்போனதற்கு ஈற்று குறைவு, பெயர் பரவவில்லை, நாகரிகம் மாறிவிட்டது என்று பல காரணங்கள் சொல்கிறார்கள். என் காரணம் வேறு. வாரத்தில் அரைமணி நேரம் ஒரு நாயின் முதுகில் கை வைத்து உட்கார வீடுகளுக்கு நேரமில்லை. பார்டர் டெரியருக்கும் கைப்பறிப்புதான். அதைப் பருவத்துக்கு ஒருமுறை மொத்தமாகச் செய்து முடித்துவிடலாம், அதனால் அந்த இனம் பிழைத்துக்கொண்டது. டாண்டி வாராவாரம் கேட்கிறது.

ஜெட்பரோ அம்மையார் இப்போது குட்டி வளர்ப்பதில்லை. கைமூட்டு வலி. அவரிடமிருந்து போன நாய்களின் வழியில் வருகிற குட்டிகளுக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறவர்களில் நானும் ஒருவன், மிளகுக்கு வயதாகிறது. காத்திருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்கிறேன். ஈற்றைப் பார்க்கப் போனால் கண் அழுத்த நோய்ப் பரிசோதனைச் சான்றைக் கேளுங்கள், முதுகு வரலாற்றைக் கேளுங்கள். இவை எல்லோரும் சொல்வதுதான். பிறகு குட்டிகளை விட்டுவிட்டுத் தாயைக் கூப்பிடச் சொல்லுங்கள். குளிப்பாட்டாத நாளாக இருந்தால் நல்லது. அவள் தோளுக்குப் பின்னால் முடியை எதிர்த்திசையில் தள்ளி அடிவரை பாருங்கள், பிறகு கண்ணை எடுத்துவிட்டு விரலால் மட்டும் இன்னொரு தடவை. விறைப்பும் இளக்கமும் சேர்ந்தே கைக்கு வந்தால் முன்பணத்தைக் கொடுத்துவிடலாம். குட்டி மிளகா கடுகா என்பதைப் பிறகு முடிவு செய்துகொள்ளுங்கள். என்னைக் கேட்டால் மிளகு.